பழைய பயணப் படங்களும் அவற்றில் நிற்கும் மனிதரும்

(யூபிலி விழா வாரத்தில் நம் பங்கு வாசகசாலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இக்கூடத்தின் சுவர்களில் மாட்டியுள்ள படப்பிரதிகளை உள்ளே வரும்போதே பார்த்திருப்பீர்கள். இறகு சூடிய தலைவர்கள், வேலி கட்டிய கிராமங்கள், நெருப்பின் மேல் வாட்டும் மீன்கள், கொம்பு முளைத்த தெய்வம், இன்னும் என்னென்னவோ. இவை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அச்சகங்களில், தொலைதூர நாடுகளைப் பற்றிய பயண நூல்களுக்காக வெட்டப்பட்ட படங்கள். புகைப்படக் கருவி பிறப்பதற்கு இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, உலகம் உலகத்தைப் பார்த்தது இவற்றின் வழியாகத்தான். அந்தப் பார்வை எப்படிப்பட்டது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு மிருகத்தின் கதை. 1515-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா போர்த்துக்கீசிய ஆளுநர் ஆல்புகர்க்குக்குக் கொடுத்த பரிசு அது. ஆல்புகர்க் அதைத் தம் மன்னர் மனுவேலுக்கு அனுப்பினார். மன்னரோ அதைப் பாப்பரசர் பத்தாம் சிங்கராயருக்குக் காணிக்கையாக அனுப்ப எண்ணிக் கப்பலேற்றினார். பாவம், இத்தாலியக் கரையருகே கப்பல் உடைந்து அந்தப் பிராணி மூழ்கிப்போயிற்று. இதற்குள் லிஸ்பனிலிருந்து யாரோ எழுதிய கடிதமும் ஒரு கோட்டுப்படமும் ஜெர்மன் நாட்டு நூரன்பெர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆல்பிரெக்ட் டூரர் என்ற பேரோவியர் அவற்றை வைத்துக்கொண்டு மரக்கட்டை அச்சில் ஒரு காண்டாமிருகத்தைப் படைத்தார். அவர் அந்த மிருகத்தைக் கண்ணால் கண்டதில்லை. தோல் மடிப்புகளை இரும்புக் கவசம்போல் வரைந்து, தோளின்மேல் இல்லாத ஒரு சின்னக் கொம்பையும் சேர்த்துவிட்டார். படம் அத்தனை அழகு! அதனால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் காண்டாமிருகம் என்றால் அந்தத் தோள்கொம்புக் காண்டாமிருகம்தான்.

மிருகத்துக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. தன் படத்தை அது பார்க்கப்போவதில்லை. மனிதர் விஷயம் அப்படியன்று.

படம் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுவோம். மரக்கட்டைப் படத்தில் கோடு மேடாக நிற்கும். முன்பு நம் ஊர் அச்சகங்களில் பிளாக் என்போமே, அந்த மாதிரி. செப்புத் தகட்டில் நேர் எதிர். மெருகேற்றிய தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் குழியாக வெட்டுவார்கள். மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் குழிகளில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் படம் தாளில் ஏறும். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் இன்றும் தெரியும். அசல் செப்புப் படத்தை அடையாளம் காண அது ஒரு வழி. இன்னொன்று: தகட்டில் வலம் இருப்பது தாளில் இடமாக மாறும். வெட்டுகிறவர் இதை எண்ணித் திருப்பி வெட்டாவிட்டால், வலக்கை வீரன் இடக்கை வீரனாகிவிடுவான். ஒருவர் வெட்டிய படத்தை வேறொருவர் பார்த்து வெட்டும்போது இப்படி அடிக்கடி நேர்ந்தது. ஆகவே பயணி, ஓவியர், தகடு வெட்டுகிறவர், நூல் வெளியிடுகிறவர் என்று பல கைகள் மாறித்தான் ஒரு படம் வாசகனிடம் வந்தது. இவர்களுள் அந்த நாட்டில் கால் வைத்தவர் ஒருவராவது இருந்தால் நல்லது. பல சமயங்களில் ஒருவரும் இல்லை. ஆலந்து நாட்டின் அர்னோல்டு மோன்டானஸ் 1669-இல் ஜப்பானைப் பற்றியும், 1671-இல் அமெரிக்காவைப் பற்றியும் படங்கள் நிறைந்த பெரிய நூல்களை வெளியிட்டார். அந்த இரண்டு நாடுகளிலும் அவர் காலடி பட்டதில்லை.

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் தியோடர் தெ பிரி. 1528-இல் லியேஜ் நகரில் பிறந்தவர்; பொற்கொல்லர் தொழில் பயின்றவர்; பிராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர். பிறந்த ஊரை விட்டு ஸ்ட்ராஸ்பூர்க், ஆண்ட்வெர்ப், இலண்டன் என்று சுற்றி, கடைசியில் புத்தகச் சந்தைக்குப் பேர்போன பிராங்க்பர்ட்டில் குடியேறினார். 1590-இல் அவர் தொடங்கிய ‘அமெரிக்கா’ நூல்வரிசையை அவருக்குப்பின் மகன்களும், பிறகு அக்குடும்பத்தில் பெண்ணெடுத்த மத்தேயு மேரியனும் 1634 வரை நடத்தினார்கள். அமெரிக்க மக்கள் என்றதும் ஐரோப்பியர் மனத்தில் எழுந்த உருவங்களுள் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தின் பட்டறையில் பிறந்தவை. தெ பிரி அட்லாண்டிக் கடலைக் கடந்ததே இல்லை.

வரிசையின் முதல் நூல் வர்ஜீனியாவைப் பற்றியது. அன்று வர்ஜீனியா எனப்பட்ட அந்தக் கரை இன்று வட கரோலினா மாநிலத்தில் உள்ளது. 1585-இல் சர் வால்டர் ராலே அனுப்பிய ஆங்கிலக் குழுவோடு ஜான் வைட் என்ற ஓவியரும் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞரும் அங்கே போனார்கள். ஹாரியட் அம்மக்களின் மொழியைக் கற்றவர். வைட் நீர்வண்ணத்தில் வரைந்தார். சீக்கோட்டன் என்ற ஊரின் வீடுகளையும், முளைவிட்டதும் பசுமையாய் வளர்ந்ததும் முற்றியதுமாக மூன்று பருவத்துச் சோள வயல்களையும், தீயைச் சுற்றி அமர்ந்தவர்களையும் அவர் தூரிகை கண்டபடி காட்டியது. இலண்டனில் ரிச்சர்டு ஹக்லூயிட் தூண்ட, தெ பிரி இந்த ஓவியங்களைச் செம்பில் வெட்டி, ஹாரியட்டின் நூலோடு சேர்த்து இலத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிட்டார்.

நம் நற்பேறு, வைட்டின் நீர்வண்ணங்கள் இன்றும் இருக்கின்றன. 1865-இல் இலண்டன் ஏலக்கடை ஒன்றில் தீப்பிடித்தபோது அவை தண்ணீரில் நனைந்து, ஒன்றின் சாயம் மற்றதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பிழைத்து, மறு ஆண்டே பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆகவே மூலத்தையும் செப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் பார்க்க முடிகிறது. வைட்டின் தாளில் ஒரு மனிதர் வெறும் வெள்ளையில் தனியாக நிற்கிறார். தெ பிரியின் தாளில் அதே மனிதர் முன்புறமும் பின்புறமுமாக இருமுறை நிற்கிறார். பின்னணியில் ஒரு நிலக்காட்சியும் வேட்டையும். உடல் ரோமாபுரிச் சிலைகளைப்போல் முறுக்கேறி விட்டது. முகம் பிராங்க்பர்ட் தெருவில் காணக்கூடிய முகம். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. கை பழகிய வழியில் உளி போயிற்று, அவ்வளவே. நம் ஊர்ச் சிற்பிகள் யூதேயா நாட்டு இடையர்களுக்கு நம் முகத்தைக் கொடுப்பதில்லையா?

அந்த நூலில் நமக்கு மிகப் பிடித்த படம் ஒன்று உண்டு. பொமெயூக் என்ற ஊர்த் தலைவரின் மனைவி ஒரு பெரிய சுரைக்குடுக்கையோடு நிற்கிறாள். பக்கத்தில் எட்டுப் பத்து வயதுச் சிறுமி. அவள் கையில் ஒரு பொம்மை. உற்றுப் பாருங்கள்: அந்தப் பொம்மை எலிசபெத் மகாராணி காலத்து ஆங்கில உடை உடுத்தியிருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் கொடுத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பொம்மைகளை இந்தக் குழந்தைகள் மிக விரும்பினார்கள் என்று நூலும் குறிப்பிடுகிறது. இந்த மகிழ்ச்சியை வைட் கண்டார். தெ பிரி அதை இழக்காமல் வெட்டினார்.

ஆனால் படத்தில் இல்லாததும் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் வந்துபோன ஊர்களில் சில நாட்களுக்குள் மக்கள் கொத்துக்கொத்தாய் மடியத் தொடங்கினர் என்று ஹாரியட்டே அதே நூலில் எழுதுகிறார். புதிய நோய், அவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத நோய். 1586 ஜூன் மாதத்தில் விஞ்சினா என்ற தலைவரை ஆங்கிலேயர் கொன்றும் விட்டார்கள். 1590-இல் வெளிவந்த படங்களில் அந்த நோய்ச் சாவும் இல்லை, சண்டையும் இல்லை. சோளம் விளைகிறது, மீன் வறுபடுகிறது, எல்லோரும் நலமாக நிற்கிறார்கள். குடியேற ஆள் சேர்க்கவும் பணம் போடுவோரை இழுக்கவும் எழுதிய நூல் அது. பிணம் கிடக்கும் ஊருக்கு யார் கப்பலேறுவார்? அந்தப் பொம்மைச் சிறுமி பின்னர் என்னவானாள் என்பதைச் சொல்வார் இல்லை.

தெ பிரிக்கு ஒரு நல்ல மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். அதே நூலின் முடிவில் அவர் வேறு சில படங்களைச் சேர்த்தார்: பண்டைய பிரித்தானியாவில் வாழ்ந்த பிக்டு இனத்தார், உடம்பெல்லாம் வண்ணம் பூசி, ஆடையின்றி, வெட்டிய தலையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். வர்ஜீனியா மக்களைப்போலவே ஒரு காலத்தில் நம் முன்னோரும் இருந்தார்கள் என்று தம் வாசகருக்குக் காட்டவே இவற்றைச் சேர்த்ததாக அவர் சொல்கிறார். அந்தக் காலத்தில் இவ்வளவு சொன்னவர்கள் அதிகம் இல்லை.

இரண்டாம் நூல் 1591-இல் புளோரிடாவைப் பற்றியது. பிரெஞ்சு ஓவியர் லெ மொய்ன் வரைந்ததாகச் சொல்லி, அவர் இறந்தபின் வெளிவந்தது. அதில் தலைவர்கள் பானம் அருந்தும் சங்கு நம் பக்கத்துக் கடல்களில் வாழும் நாட்டிலஸ் சங்கு! அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது கிடைப்பதே இல்லை. வீரர் கையிலுள்ள தண்டாயுதங்களும் பிரேசில் நாட்டுத் தண்டாயுதங்களாகத் தோன்றுகின்றன. பட்டறை அலமாரியில் இருந்த அரும்பொருள்கள் புளோரிடா மக்களின் கைக்குப் போய்விட்டன போலும். இந்தப் படங்களை வைத்துப் புளோரிடா மக்களின் வாழ்க்கையை எழுதிய ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

மூன்றாம் நூலான பிரேசில் தான் (1592) வேதனையானது. ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியப் போர்வீரர் துப்பினம்பா மக்களிடம் பல மாதங்கள் சிறைப்பட்டிருந்து, தப்பி வந்து, 1557-இல் மார்பூர்க் நகரில் தம் கதையை எளிய மரக்கட்டைப் படங்களோடு அச்சிட்டார். பகைவரைக் கொன்று தின்னும் சடங்கைப் பற்றி அதில் எழுதினார். அவர் எழுதியதில் எவ்வளவு உண்மை என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தெ பிரி அந்த எளிய படங்களை எடுத்துப் பெரிய நாடகக் காட்சிகளாக்கினார். தீயின் மேல் கைகால்கள் வாட்டப்படுகின்றன. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் தின்கிறார்கள். பின்னால் தாடிவைத்த ஸ்டாடன் கைகளை உயர்த்தி அலறுகிறார். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். சண்டையில் பிடித்த எதிரிக்கு எப்போதாவது நடந்த சடங்கு, அம்மக்களின் அன்றாடச் சாப்பாடு என்று வாசகன் மனத்தில் பதிந்தது.

இது வெறும் கெட்ட பெயர் என்று நினைக்க வேண்டாம். 1503-லேயே ஸ்பெயின் அரசி இசபெல்லா, எதிர்த்து நிற்கும் நரமாமிசம் உண்போரைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஆணைக்குப் பின் எந்தத் தீவில் அடிமைகள் வேண்டுமோ அந்தத் தீவில் நரமாமிசம் உண்போர் இருப்பதாகச் சொல்வது வழக்கமாயிற்று. ஒரு சொல்லே சங்கிலியாக மாறிய காலம் அது. சொல்லுக்குப் படமும் துணை வந்தால் கேட்க வேண்டுமா?

இனி நம்மைத் தொடும் இடத்துக்கு வருவோம். சிலருக்குக் கேட்கக் கசப்பாக இருக்கும். ஆயினும் யூபிலி ஆண்டில் வரலாற்றை மறைத்துப் பேசுவது அழகன்று. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் சாமிநாதர் சபைத் துறவி. மெக்சிகோவின் சியாப்பாஸ் மறைமாவட்டத்தின் ஆயர். தம் நாட்டவரான ஸ்பானியர் அமெரிக்க மக்களுக்கு இழைத்த கொடுமைகளை 1542-இல் எழுதி, 1552-இல் செவில் நகரில் அச்சிட்டார். மன்னர் கண்ணைத் திறக்க எழுதியது அது. 1598-இல் தெ பிரி குடும்பத்தார் அதை இலத்தீனில் 17 செப்புப் படங்களோடு பிராங்க்பர்ட்டில் வெளியிட்டார்கள். எரிக்கப்படும் மனிதர், தூக்கிலிடப்படும் மனிதர், நாய்களுக்கு எறியப்படும் குழந்தைகள். ஆலந்தும் இங்கிலாந்தும் ஸ்பெயினோடு போரிட்ட காலம் அது. கத்தோலிக்கர் என்றால் இப்படித்தான் என்று காட்ட இந்தப் படங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டன.

இதற்கு நம்மவர் சிலர் வழக்கமாகச் சொல்லும் பதில், அது எதிரிகளின் பொய்ப் பிரசாரம் என்பது. படங்களை வெட்டியவர் அங்கே இருந்ததில்லை, உண்மை. காட்சிகள் மேடை நாடகம்போல் அடுக்கப்பட்டவை, அதுவும் உண்மை. லாஸ் காசாஸ் கொடுத்த எண்ணிக்கைகள் மிகை என்று வரலாற்றாசிரியர் கூறுவதும் உண்டு. ஆனால் எழுதியவர் எதிரியல்லர், நம் ஆயர். தம் கண்ணால் கண்டவற்றையும் அதில் எழுதியிருக்கிறார். பிராட்டஸ்டண்டு உளி வெட்டியது என்பதற்காகக் கத்தோலிக்க ஆயரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியுமா? பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1537-இல் ‘சுப்லிமிஸ் தேயுஸ்’ என்ற மடலில், இம்மக்கள் உண்மையான மனிதரே, விசுவாசத்துக்குப் புறம்பே இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று எழுத நேர்ந்ததே, எவ்வளவு தூரம் நிலைமை கெட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? லாஸ் காசாஸும் குறையற்றவர் அல்லர். தொடக்கத்தில் அமெரிக்கருக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று சொல்லி, பின்னர் அதற்காக வருந்தி எழுதினார். அவருடைய எழுத்தையும் அந்தப் படங்களையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இரண்டையும் பற்றி நேர்மையாகப் பேசலாம்.

நம் பக்கத்துக் கோழிக்கோடும் இதில் தப்பவில்லை. லுதோவிகோ தி வர்த்தேமா என்ற இத்தாலியர் 1510-இல் உரோமையில் அச்சிட்ட பயண நூலில், கோழிக்கோட்டு மன்னர் வணங்கும் தெய்வத்தை நான்கு கொம்பும் கோரைப்பல்லும் மும்முடியும் உடைய பிசாசாக விவரித்தார். 1515-இல் ஆக்ஸ்பூர்க் நகரில் அதன் ஜெர்மன் பதிப்புக்குப் படம் வரைந்த யோர்க் பிராய், தம் ஊர்க் கோவில்களில் தீட்டியிருந்த நரகக் காட்சியின் பேயைப் பார்த்தே கோழிக்கோட்டுத் தெய்வத்தை வரைந்தார். நம் அண்டை வீட்டாரின் வழிபாடு வெகு காலம் மேனாட்டுப் படங்களில் கொம்போடு திரிந்தது இப்படித்தான். நம்மைப்போல் பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழ்கிறவர்களுக்கு இதன் நோவு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, நம் இனத்தாரின் கோயில்கள் நிற்கும் படங்கள். 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த பிலிப்பு பால்தேயு என்ற சீர்திருத்தச் சபைப் போதகர் சில ஆண்டுகள் அங்கே பணிசெய்து, மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய பெரிய நூலை எழுதினார். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அவர் நம்மிடையே வாழ்ந்து, தமிழ் பயின்றவர். நம் மொழியைப் பற்றிய ஒரு பகுதியும், தமிழில் பரலோக மந்திரமும் அந்நூலில் உண்டு. (அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், சேசு சபை ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிவிட்டது என்பதையும் பெருமையோடு நினைப்போம்.) திருமாலின் பத்து அவதாரங்களுக்கும் அதில் படங்கள் உள்ளன. அவற்றை அவர் மெச்சவில்லை, மறுக்கவே எழுதினார். ஆனாலும் கோழிக்கோட்டுப் பேயோடு ஒப்பிட்டால், இந்நாட்டில் தீட்டிய ஓவியங்களைப் பார்த்தவர் கை அது என்பது உடனே தெரியும்.

அந்நூலில்தான் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, சங்கானை, பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் கோயில்கள் ஒவ்வொன்றாகப் படமாக வருகின்றன. கோயில், அதையடுத்த மனை, முன்னே முற்றம், அங்குமிங்கும் சின்னச் சின்ன மனிதர். போர்த்துக்கீசியர் காலத்தில் பிரான்சிஸ்கு சபைக் குருக்களும் சேசு சபைக் குருக்களும் மக்களோடு எழுப்பிய ஆலயங்கள் அவை. ஒல்லாந்தர் அவற்றைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டனர்; கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. எனவே நம் பழைய கோயில்களின் தோற்றத்தை நமக்குக் காத்துக் கொடுத்தவர், அவற்றை எடுத்துக்கொண்ட சபையின் போதகரே. அவருக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். படங்களில் எல்லாம் அமைதியாக இருக்கிறது. நேற்றுவரை அங்கே பூசை கண்டவர்கள் இன்று எங்கே என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை.

1687-இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் மாறுவேடத்தில் நடமாடி, இரவில் விசுவாசிகளின் வீடுகளில் பூசை நிறைவேற்றினார். படத்திலுள்ள அந்தக் கோயில்களுள் ஒன்றிலும் அவர் பீடமேற முடியவில்லை. பூசை நடந்த வீடுகளுக்குப் படம் இல்லை.

தெல்லிப்பழைக் கோயிலின் பிரதி வாசலுக்கு வலப்புறம் மாட்டியிருக்கிறது. பொம்மைச் சிறுமி அதற்கு எதிர்ச்சுவரில். மேசைமேல் இரண்டு பூதக்கண்ணாடிகள் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும், பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.